பின்பாரம்

இந்தப் பக்கம் தூசி தட்டி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வேற ஒண்ணும் இல்லை. இன்னைக்குக் கொஞ்சம் நேரம் கிடைச்சதால ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு விஷயத்தை இறக்கி வச்சுடலாம்னு உக்காந்துட்டேன்.

விஷயம் சைக்கிள். ஆனா ஓட்டுறதைப் பத்தி இல்லை. ஓட்டாம, இன்னொரு வண்டிக்குப் பின்னாடி கட்டி எடுத்துட்டுப் போறதைப் பத்தி. "இதுல எழுத என்னல இருக்கு? கயிறு இருந்தா கட்டிட்டுப் போக வேண்டியதுதான"ன்னு கேக்குற ஆட்களுக்காகத்தான் இந்தப் பதிவே :-)

மொதல்ல ஒரு சொல்லைச் சொல்லிடுறேன். பின்பாரம்.

எங்க ஊர் சங்கரன்கோவில். கிழக்க போனா கரிசக்காடு, பருத்தியும் மிளகாயும். எங்க தாத்தா நாப்பது வருசத்துக்கு மேல மாட்டு வண்டி வச்சிருந்தவர். பருத்தி மூட்டை ஏத்தும்போது அவர் மூட்டையை எண்ண மாட்டார், நுகத்தடியைத்தான் பாப்பார். ரெட்டைச் சக்கர வண்டி எப்படின்னா, நடுவுல அச்சு, ஒரு பக்கம் மாடு, மறு பக்கம் வெறும் காத்து. தராசு மாதிரிதான். அச்சுக்கு முன்னாடி பாரம் கூடிட்டா அது முன்பாரம். மாட்டுக் கழுத்துல அமுக்கும், நாளடைவுல புண்ணாகும். அச்சுக்குப் பின்னாடி கூடிட்டா பின்பாரம். நுகத்தடி மேல தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டோட தொண்டையை இறுக்கும். மாடு மூச்சு விடத் திணறும், வண்டி தடம் நிக்காது.

"சரிபாதியா ஏத்தினா போதும்ல தாத்தா?"ன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். "கொஞ்சம் முன்பாரம் இருக்கணும்டா. அப்பத்தான் வண்டி மாட்டுக்குக் கட்டுப்படும்"னார். மேட்டுல ஏறும்போது பாரம் பின்னால சாயும்கிறதால அவரே கொஞ்சம் முன்னால நகர்ந்து உக்காந்துக்குவார். இவ்வளவுதான் பாடம். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

நிற்க.

ஆன்சைட்னு என்னை ஆறு மாசம் அமெரிக்காவுக்கு, டாலஸ் நகரத்துக்கு அனுப்பி வச்சாங்க. படிச்சது மெக்கானிக்கல், தட்டுறது ஜாவா, அந்தக் கதை இன்னொரு நாள். அங்க ஒரு கோவில்பட்டிக்கார அண்ணன். ஊர்ப்பாசத்துல வாராவாரம் சோறு போட்ட புண்ணியவான். நீண்ட வார இறுதி ஒண்ணு வந்துச்சு. டைனோசர் வேலி ஸ்டேட் பார்க் போலாம்னு பிளான். ஆத்துப் படுகைப் பாறையில டைனோசர் கால்தடம் பதிஞ்சு கிடக்குற இடம், அண்ணனோட ரெண்டு பசங்களும் அதுக்காகவே ஒரு மாசமா குதிச்சுட்டு இருந்தாங்க.

தங்குறதுக்கு ஒரு ட்ராவல் ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்திருந்தார். பாக்காதவங்களுக்கு: சக்கரம் வச்ச ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். இஞ்சின் மட்டும் கிடையாது. பிக்கப் வண்டிக்குப் பின்னாடி கொண்டியில மாட்டி இழுத்துட்டுப் போகணும். சுருக்கமா சொன்னா, நம்ம ட்ராக்டர் ட்ரெய்லருக்கு வீடு கட்டினா எப்படி இருக்குமோ அதான். அதோட பின் பம்பர்ல ஒரு சைக்கிள் ரேக். அதுல அஞ்சு சைக்கிள். அண்ணனோடது, அண்ணியோடது, எனக்காக இரவல் வாங்கின ஒரு பேட்டரி சைக்கிள், பசங்களோடது ரெண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் ஏத்தி முடிச்சுட்டு அண்ணன் கேட்டார், "தம்பி, நீ மெக்கானிக்கல்தான? இது நிக்குமா?" ரேக்கைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தேன். ஆடுச்சு. எல்லா ரேக்கும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருந்தப்பதான் ஊர்ல இருந்து வீடியோ கால். நமக்கு வெள்ளி சாயங்காலம்னா அங்க சனிக்கிழமை விடிகாலை. தாத்தா எந்திரிச்சு காப்பி குடிச்சுட்டு உக்காந்திருந்தார். சும்மா பெருமைக்கு அந்தச் சக்கர வீட்டைச் சுத்திக் காமிச்சேன். கேமரா பின்பக்கம் வந்ததும், "நில்லு நில்லு. அச்சு எங்க இருக்கு?"ன்னார். காமிச்சேன். நடுவுக்குக் கொஞ்சம் பின்னால ரெண்டு அச்சு.

"அச்சுக்கு இவ்வளவு பின்னாலயா சைக்கிளை ஏத்தி வச்சிருக்கீக? பின்பாரம்ல இது!"

அவ்வளவுதான். ஆளு போனை ஆச்சிகிட்ட குடுத்துட்டுப் போயிட்டார். காப்பி ஆறுதாம்.

எனக்குத்தான் மண்டைக்குள்ள முதல் வருச இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் பேப்பர் ஓட ஆரம்பிச்சது. ஒரு கவரை எடுத்து அதுக்குப் பின்னாடியே கணக்குப் போட்டேன். உங்களுக்கும் போட்டுக் காட்டுறேன், பயப்படாதீங்க, எட்டாம் வகுப்புக் கணக்குதான். எண்களை முழுசாக்கி இருக்கேன்.

சாமானோட ட்ரெய்லர் எடை 2000 கிலோ. இதுல கொண்டி மேல எவ்வளவு அமுக்கணும்? அமெரிக்காவுல இந்த மாதிரி ட்ரெய்லருக்குச் சொல்ற விதி, மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம். (தாத்தா சொன்ன "கொஞ்சம் முன்பாரம்" ஞாபகம் வருதா? அதேதான். அவங்க அதுக்கு சதவீதம் போட்டிருக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.) நம்ம ட்ரெய்லர்ல 12 சதவீதம்னு வச்சுக்குவோம். 240 கிலோ.

இப்போ சைக்கிள். பெரியவங்களோடது ரெண்டும் 14, 14. பேட்டரி சைக்கிள் 25. பசங்களோடது 10, 10. ஆக 73. ரேக் ஒரு 17. மொத்தம் 90 கிலோ. இது அச்சுல இருந்து 3 மீட்டர் பின்னால தொங்குது. அச்சுக்கும் கொண்டிக்கும் நடுவுல 4.5 மீட்டர். 90ஐ 3ஆல பெருக்கி 4.5ஆல வகுத்தா 60. அதாவது பின்னாடி தொங்குற சைக்கிளுங்க, முன்னாடி கொண்டியை 60 கிலோ அளவுக்குத் தூக்குது. 240ல 60 போனா 180. மொத்த எடையோ 2090 ஆயிடுச்சு. சதவீதம் பாத்தா எட்டரைச் சொச்சம். பத்துக்குக் கீழ இறங்கியாச்சு.

இறங்கினா என்ன? அங்கதான் ஆபத்து. கொண்டியில அமுக்கம் கம்மியாயிட்டா ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். ஒரு லாரி தாண்டிப் போகும்போது அடிக்குற காத்து போதும், வால் ஒரு பக்கம் போகும், திரும்பி வரும், அடுத்த தடவை இன்னும் ஜாஸ்தியா போகும். ஒரு கட்டத்துக்கு மேல இழுக்குற வண்டியையும் சேத்துச் சுழட்டிடும். ஓடுற பெல்ட் மேல பொம்மை ட்ரெய்லரை வச்சு, எடையை முன்னாடியும் பின்னாடியும் மாத்தி மாத்தி இதைச் செஞ்சு காட்டுற வீடியோ இணையத்துல சுத்திக்கிட்டு இருக்கும், பாத்திருப்பீங்க. எடை முன்னாடி இருக்கும்போது தட்டிவிட்டா ரெண்டு ஆட்டம் ஆடிட்டு நேரா நிக்கும். பின்னாடி மாத்தினதும் அதே தட்டுக்குக் கவுந்துடும். மாட்டு வண்டியில தாத்தா நகர்ந்து உக்காந்து சரி பண்ணலாம். நூறு கிலோமீட்டர் வேகத்துல போற ட்ரெய்லர்ல யாரு நகர்றது?

இது முதல் விஷயம். ரெண்டாவது, துள்ளல்.

டவுன் பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்து போனவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அச்சைத் தாண்டிப் பின்னால போகப் போக தூக்கிப் போடுறது கூடும். ட்ரெய்லர்ல வால் நீளம், அதனால இன்னும் மோசம். நின்னுட்டு இருக்கும்போது 90 கிலோவா இருக்குற பாரம், பள்ளத்துல இறங்கி ஏறுற அந்த ஒரு நொடியில ரெண்டு மடங்காகும், சில சமயம் அதுக்கும் மேல. அது ஒரு தடவை இல்லை, ரோடு முழுக்க. கட்டுக்கம்பியை உடைக்கணும்னா என்ன செய்வோம்? இப்படியும் அப்படியுமா வளைச்சுட்டே இருப்போம். ரேக்குக்கும் நடக்குறது அதேதான். அதனாலதான் பல ரேக் கம்பெனிக்காரங்க "கார்ல மாட்டலாம், ட்ரெய்லர்ல மாட்டாதீங்க"ன்னு குறிப்புப் புத்தகத்துலயே எழுதிடுறாங்க. ட்ரெய்லருக்குன்னே உறுதி பண்ணின ரேக் தனியா வருது.

மூணாவது, அந்த பம்பர். எனக்கு இதுதான் ரொம்ப ஆச்சரியம். பாக்க நல்ல கனமான நாலு இஞ்ச் சதுர இரும்புக் குழாய் மாதிரி தெரியும். தட்டிப் பாத்தா மெல்லிசு தகடு. பல ட்ரெய்லர்ல அந்தக் குழாயோட முக்கியமான வேலையே, கக்கூஸ் கழிவைத் திறந்துவிடுற ஹோஸைச் சுருட்டி உள்ள வைக்குறதுதான்! பாரம் சுமக்க அதைச் செய்யவே இல்லை. அடியில இருக்குற சட்டத்துல நேரா மாட்டினா ஒரு பேச்சு.

கவரை அண்ணன்கிட்ட காமிச்சேன். மனுசன் ஒரு நிமிசம் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம ஸ்பேனரை எடுத்துட்டு வந்துட்டார். பேட்டரியைக் கழட்டிட்டு அந்த சைக்கிளையும், பெரிய சைக்கிள் ரெண்டையும் பிக்கப்போட தொட்டியில படுக்க வச்சோம். பசங்க சைக்கிள் ரெண்டும் ட்ரெய்லருக்கு உள்ள, சரியா அச்சுக்கு மேல, பாய் விரிச்சு அதுமேல. ரேக்கைக் கழட்டினப்போதான் பாத்தோம், இடது பக்கம் பம்பர் சட்டத்தோட சேர்ற இடத்துல வெல்டிங் ஓரமா முடி மாதிரி ஒரு துருக்கோடு. நகத்தை வச்சா உள்ள இறங்குச்சு. எத்தனை பேர் எத்தனை சைக்கிளை இதுல தொங்கவிட்டுப் போனாங்களோ தெரியாது. அண்ணி அதைப் பாத்துட்டு, ரோட்டுப் பக்கமா திரும்பி நின்னுக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம், வண்டிக்குப் பின்னாடி வண்டியா போயிட்டு இருந்துச்சு.

சரி, அமெரிக்கா கதை நமக்கெதுக்கு? நம்ம ஊர்ல யாரு சக்கர வீடு வச்சிருக்கா? கேக்கலாம். ஆனா பின்னாடி சைக்கிள் கட்டுறது நம்ம ஊர்ல இல்லாமலா இருக்கு?

முன்னல்லாம் வெளியூர் பஸ்ஸுக்குப் பின்னாடி ஏணி இருக்கும். கண்டக்டர்கிட்ட லக்கேஜ் போட்டுட்டு சைக்கிளை மேல ஏத்திடலாம். மேல படுக்கப் போட்டுக் கட்டுறதால அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. இப்போ பெரும்பாலான பஸ்ல ஏணியே கிடையாது. அந்த இடத்துக்குக் குட்டியானையும் ட்ராக்டரும் வந்தாச்சு. உள்ள தட்டுமுட்டுச் சாமான், நெல்லு மூட்டை, கட்டில். கடைசியா மிச்சம் இருக்குறது சைக்கிள். "பின்கதவுல மாட்டி ஒரு கட்டு போடு, போதும்." எத்தனை தடவை இந்த வசனத்தைக் கேட்டிருப்போம்! இதுபோக, இப்போ கார் டிக்கியில பட்டை போட்டு மாட்டுற ரேக் ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குது. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ப்ரெவே ஓட்டப் போற நம்ம பசங்க எல்லாம் அதுலதான் மாட்டிட்டுப் போறாங்க.

எங்க சித்தியோட கதையைச் சொல்லிடுறேன். ரெண்டு வருசம் முன்னாடி ஆடி மாசம். தபசு சமயம், ஊருக்குள்ள கால் வைக்க இடம் இருக்காது. சித்தப்பாவும் சித்தியும் புளியங்குடி ரோட்டுல வண்டியில வந்துட்டு இருந்தாங்க, எக்ஸெல் வண்டிதான். முன்னாடி ஒரு குட்டியானை, வீடு மாத்துற சாமான். பின்கதவுல ஒரு பழைய பெரிய சைக்கிள், நைலான் கயித்துல. வேகத்தடையில குட்டியானை குதிச்சது, சைக்கிள் தனியா வந்துடுச்சு. சித்தப்பா ஒடிச்சுத் திருப்பி சைக்கிள் மேல ஏறாம தப்பிச்சார். ஆனா வண்டி சாஞ்சுடுச்சு. சித்தி கையை ஊனி விழுந்தாங்க. மணிக்கட்டு ரெண்டு இடத்துல முறிஞ்சு போச்சு.

சித்தி பூக் கட்டுறவங்க. எங்க ஊர் பூ மார்க்கெட் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். விடிகாலை மல்லிகையும் பிச்சியும் வாங்கிட்டு வந்து, மொழம் மொழமா கட்டி, கோயில் பக்கம் கடைக்குக் குடுப்பாங்க. தபசுக்குப் பத்து நாள்ல வர்ற காசு மத்த மாசத்துல வராது. அந்த வருசம் முழுசும் போச்சு. மூணு மாசம் கழிச்சுக் கட்டைப் பிரிச்சப்போ கட்டைவிரல் பழைய மாதிரி மடங்கலை. இப்பவும் கட்டுறாங்க, முன்ன மாதிரி வேகம் இல்லை.

குட்டியானைக்காரர் நிக்காமப் போயிட்டார்னு எல்லாரும் திட்டினாங்க. எனக்கு என்னமோ அவருக்குத் தெரியவே இல்லைன்னுதான் தோணுது. ஆளு உயரத்துக்குச் சாமான் அடுக்கி இருந்தா கண்ணாடியில என்ன தெரியும்? ரெண்டு தெரு தள்ளி இறக்கும்போதுதான் சைக்கிளைக் காணோம்னு தேடியிருப்பார். பின்னாடி கட்டுற சாமானுக்கு உள்ள குணமே இதுதான். கட்டினவனுக்கு அது தெரியாது. அவிழ்ந்தா அவனுக்கு வலிக்காது. பின்னாடி வர்றவனுக்குத்தான் எல்லாமே.

சட்டமும் இதைச் சும்மா விடலை. பின்னாடி நம்பர் பிளேட் மறைஞ்சா தப்பு. வண்டியோட உடம்பைத் தாண்டி அளவுக்கு மேல பாரம் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கிட்டு இருந்தா, மோட்டார் வாகனச் சட்டத்துல 2019ல செஞ்ச திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். ஒரு புது சைக்கிளை விட ஜாஸ்தி!

சரி, அப்போ எப்படித்தான் எடுத்துட்டுப் போறது? எனக்குத் தெரிஞ்சதை வரிசையா சொல்றேன்.

1. முதல் கேள்வி, பின்னாடி கட்டணுமா? ட்ராக்டர் ட்ரெய்லரோ குட்டியானையோ, சைக்கிளை உள்ள, அச்சுக்குப் பக்கத்துல படுக்க வைக்க முடியுமான்னு பாருங்க. செயின், பல்சக்கரம் இருக்குற பக்கம் மேல இருக்கட்டும். அடியில ரெண்டு சாக்கு போதும். சைக்கிளைக் கடைசியா ஏத்தாம, முதல்ல ஏத்தினா பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

2. எடையைக் கூட்டிப் பாருங்க. நம்ம பழைய பெரிய சைக்கிள் சாதாரணமா 20 கிலோவைத் தாண்டும். பேட்டரி சைக்கிளும் அப்படித்தான். ரேக்குல "மூணு சைக்கிள்"னு போட்டிருக்கும், அதை நம்பாதீங்க. எத்தனை கிலோன்னு எங்கயாவது பொடி எழுத்துல இருக்கும், அதைத் தேடுங்க. பேட்டரியையும் குழந்தை சீட்டையும் பம்பையும் தண்ணி பாட்டிலையும் கழட்டி உள்ள வச்சிடுங்க.

3. ரேக் வேற, கட்டு வேற. ரேக் தாங்குறதுக்கு. கட்டு ஆடாம இருக்குறதுக்கு. ரெண்டுல ஒண்ணு போனாலும் இன்னொண்ணு கொஞ்ச நேரமாவது பிடிக்கணும். அதனால ரேக்கோட கட்டு போக, சைக்கிள் சட்டத்துல இருந்து வண்டியோட சட்டத்துக்குத் தனியா ஒரு கட்டு.

4. எதுல கட்டுறது? வெட்டின சைக்கிள் டியூப் நம்ம ஊர் சர்வரோக நிவாரணி. அதிர்வை வாங்க நல்லது, பாரத்தைத் தாங்க ஆகாது, ஏன்னா இழுக்கும். நைலான் கயிறு வழுக்கும், முடிச்சு தானா தளரும். லாரிக்காரங்க வச்சிருக்குற, நெம்பி இறுக்குற ராட்செட் பட்டைதான் நம்பிக்கையானது. அதையும் சைக்கிள் சட்டம் நசுங்குற அளவுக்கு இறுக்க வேண்டாம். பிரேக் ஒயர் மேல பட்டை போகாம பாத்துக்கோங்க.

5. ஹேண்டில்பாரும் முன் சக்கரமும் தனியா ஆடக்கூடாது. சக்கரத்தைச் சட்டத்தோட சேர்த்துக் கட்டிடுங்க. ரெண்டு சைக்கிள் இருந்தா ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி. உரசுற இடத்துல பழைய துணி.

6. கார்ல மாட்டுறவங்க டயர் சைலன்சர் புகைக்கு நேரா வராம பாருங்க. சூட்டுல உருகிடும். நம்பர் பிளேட், பின் விளக்கு, இண்டிகேட்டர் தெரியுதான்னு ஒருத்தரை நாலு வண்டி தூரம் தள்ளி நிக்க வச்சுப் பாருங்க. மறைஞ்சா அப்படி மாட்டாதீங்க.

7. மழைக்காக மேல தார்ப்பாய் சுத்தாதீங்க. பாய்மரம் மாதிரி காத்தைப் பிடிக்கும். சைக்கிள் நனைஞ்சா தொடைச்சுக்கலாம்.

8. கிளம்பி பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர்ல ஒரு தடவை நிறுத்துங்க. எல்லாக் கட்டும் முதல்ல கொஞ்சம் இறங்கும். இறுக்கிட்டுப் போங்க. அப்புறம் டீ குடிக்க நிக்கும்போதெல்லாம் ஒரு கை வச்சுப் பாருங்க.

9. இதெல்லாம் முடியாதுன்னா ரயில் இருக்கு. சென்னையில இருந்து பொதிகை எங்க ஊர் வழியாத்தான் செங்கோட்டை போகுது. சைக்கிளை லக்கேஜா புக் பண்ணி அதுக்கான பெட்டியில போட்டுடலாம். பெடலைக் கழட்டி, ஹேண்டிலைத் திருப்பி, சாக்கு சுத்தி, பேரையும் இறங்குற ஸ்டேஷனையும் ரெண்டு பக்கமும் பெருசா எழுதிடுங்க.

டைனோசர் கால்தடம் பாத்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி தாத்தாவுக்குப் போன் போட்டு, அவர் சொன்னதுதான் அங்க சட்டம் மாதிரி, 10ல இருந்து 15 சதவீதம்னு விளக்கிச் சொன்னேன். "சதவீதம்லாம் எனக்கு எதுக்குடா? மாடு சொல்லிரும்"னார்.

மாடு இருந்த காலத்துல தப்பா பாரம் ஏத்தினா முன்னாடி இருக்குற மாடு சொல்லிடும். இப்போ வண்டியும் சொல்லாது, கண்ணாடியும் சொல்லாது. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை வண்டிக்குப் பின்னாடி போய், இருபதடி தள்ளி, ஒரு எக்ஸெல் வண்டியில உக்காந்திருக்குற மாதிரி நின்னு பாருங்க. அங்க இருந்து பாத்து உங்களுக்கே பயமா இருந்தா அவிழ்த்துக் கட்டுங்க.

பி.கு: முன்பாரம், பின்பாரத்துக்கு உங்க ஊர்ப்பக்கம் வேற சொல் ஏதாவது இருந்தா சொல்லுங்க மக்கா. தாத்தாகிட்ட சொன்னா சந்தோசப்படுவார்.